ஸ்லர்ம்: வயது வேறுபட்ட கணினிகளுக்கு வேலையைப் பங்கிடும் மென்பொருள் – ஒரு மதிப்புரை

மதுரையில் நாகமலைப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியின் உயிர்தகவலியல் ஆய்வகத்தில் கணினித் தொகுப்பைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. தொகுப்பு என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் சர்வர்களை நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்துக்கும் நிதி வந்தபோது ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்த கணினிகள் இவை; நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி) கொண்ட பழைய மேசைக் கணினியும் பதினாறு கோர் கொண்ட ரைசன் கணினியும் ஒரே கிகாபிட் ஸ்விட்ச்சில் இணைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்கிடையே மாணவர்களின் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஸ்லர்ம் என்னும் திறமூல மென்பொருள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இதே நிலையில்தான் கணினிகள் இருக்கின்றன என்பதால், பெரிய மீக்கணினி மையங்களுக்காக எழுதப்படும் மதிப்புரைகள் சொல்லாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்தாறு கணினிகளுக்கு மேல் வைத்திருக்கும் எந்த ஆய்வகத்துக்கும் ஸ்லர்மைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எந்தக் கணினி இப்போது எவ்வளவு திணறுகிறது என்று அளந்து பார்த்து வேலையை இடம் மாற்றும் மென்பொருள் என்று எண்ணி இதை நிறுவுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பயனர் தன் வேலைக்கு இத்தனை கோர், இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதை நம்பி, கணக்கில் காலியாக இருக்கும் இடத்தை ஒதுக்கித் தருவதுதான் இதன் பணி. அந்தக் கணக்கு உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்குத்தான் சுமை சமனாகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு அமைப்புக் கோப்பை எழுதினால், இதற்கு இணையான இலவச மென்பொருளை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவான இதை, 2010-இல் தொடங்கப்பட்ட ஸ்கெட்எம்டி நிறுவனம் வளர்த்துவந்தது. குனு பொது உரிமத்தில் வருவதால் கட்டணம் எதுவும் இல்லை. உபுண்டு, டெபியன் களஞ்சியங்களிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். தலைமைக் கணினியில் ஒரு கட்டுப்பாட்டு நிரலும், வேலை செய்யும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு பின்னணி நிரலும் ஓடுகின்றன. அந்தப் பின்னணி நிரலைப் பெரிய எழுத்து சி என்ற தெரிவோடு ஒருமுறை இயக்கினால், அந்தக் கணினியில் எத்தனை கோர், எவ்வளவு நினைவகம் என்பதை அமைப்புக் கோப்பில் அப்படியே ஒட்டக்கூடிய வரியாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. வகைக்கொரு கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிறு வசதி பெரிய நிம்மதி. நிறுவலைப் பொறுத்தவரை இவ்வளவு போதும். இனி இது வேலையை எப்படிப் பங்கிடுகிறது என்பதற்கு வருகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, ஒரு கணினியை முழுதாக ஒரே வேலைக்குக் கொடுப்பதா, கோர் கோராகப் பிரித்துக் கொடுப்பதா என்பது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவற்றில் லீனியர் என்ற ஒதுக்கீட்டு முறை இருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால், ஒரு கோர் கேட்கும் வேலைக்குப் பதினாறு கோர் கணினி முழுவதும் போய்விடும். கோரையும் நினைவகத்தையும் தனித்தனியே கணக்கிடும் கான்ஸ்-ட்ரெஸ் முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நினைவகத்தைக் கணக்கில் சேர்த்த பிறகு, ஒரு கோருக்கு இயல்பாக எவ்வளவு நினைவகம் என்று அமைப்புக் கோப்பில் குறிப்பிடாவிட்டால், நினைவகம் கேட்காமல் வரும் வேலைக்கு அந்தக் கணினியின் நினைவகம் மொத்தத்தையும் ஸ்லர்ம் ஒதுக்கிவிடுகிறது. பதினைந்து கோர் சும்மா இருக்கும். வரிசையில் வேலைகள் காத்திருக்கும். ஏன் என்று யாருக்கும் புரியாது. எல்லா ஆய்வகங்களிலும் தேவைப்படக்கூடிய இந்த ஒரு வரியைக் கட்டாயமாக்காமல் விட்டிருப்பது இந்த மென்பொருளின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

எங்கள் மாணவர்களின் முதன்மையான வேலை மூலிகைச் சேர்மங்களை நோய்க்காரணப் புரதங்களோடு பொருத்திப் பார்ப்பது. நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு போன்ற சேர்மங்களின் வடிவங்களை, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தார் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளிலிருந்து 17,967 தாவரச் சேர்மங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. இப்படிப் பொருத்திப் பார்க்கும் ஆட்டோடாக் வினா (சுருக்கமாக வினா) என்ற நிரல் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடலாம். ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. இணைக் கணிப்பில் இதைவிட எளிய வகை இல்லை என்று சொல்வார்கள். ஆனாலும் பங்கீடு சரியில்லாவிட்டால் இந்த எளிய வேலையும் இழுத்தடிக்கும்.

காரணம் இரண்டு. கணினிகளின் வேகம் ஒன்றல்ல. சேர்மங்களின் அளவும் ஒன்றல்ல. நான்கு கணினிகளுக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று கணினிகள் தம் பங்கை ஒரு மணி நேரத்தில் முடிக்கின்றன, பாதி வேகம் கொண்ட நான்காவது கணினிக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மொத்த வேலையும் முடிய இரண்டு மணி நேரம். அதில் கடைசி ஒரு மணி நேரம் மூன்று கணினிகள் சும்மா இருந்திருக்கும். அதே வேலையை வேகத்துக்கு ஏற்பப் பிரித்திருந்தால் ஏறத்தாழ 1 மணி 9 நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கணினியின் வேகத்தையும் முன்கூட்டியே அளந்து பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. கத்தரி வெயிலில் ஒரு கணினியின் விசிறியில் தூசி அடைத்துக்கொண்டால், பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நேற்று அளந்த வேகம் இன்றைக்கு உதவாது.

ஒரே மாதிரியான பல வேலைகளை எண்ணிட்டு ஒன்றாக அனுப்ப உதவும் ஸ்லர்மின் ஜாப் அரே வசதி இங்கேதான் அருமையாகப் பயன்படுகிறது. 17,967 சேர்மங்களையும் இருபது இருபதாகக் கட்டினால் 899 கட்டுகள் வரும். ஒரே எஸ்பேட்ச் கட்டளையில் இந்த 899 கட்டுகளையும் வரிசையில் போட்டுவிடலாம். வேகமான கணினி தன் கட்டை முடித்தவுடன் அடுத்ததை வாங்கிக்கொள்கிறது. மெதுவான கணினி குறைந்த கட்டுகளையே எடுக்கிறது. யாரும் எதையும் அளக்காமலே வேகத்துக்கு ஏற்ற பங்கீடு நடந்துவிடுகிறது. சேர்மத்துக்கு ஒரு வேலை என்று 17,967 வேலைகளாக அனுப்ப நினைப்பவர்களை ஸ்லர்ம் அனுமதிப்பதில்லை. அரேயின் அளவுக்கு இயல்பான உச்சவரம்பு 1,001 என்று வைத்திருக்கிறார்கள். அதை உயர்த்திக்கொள்ள முடியும் என்றாலும் உயர்த்தாமல் இருப்பதே நல்லது. சில நொடிகளில் முடிந்துவிடும் வேலைகளை ஆயிரக்கணக்கில் அனுப்பினால், தொடங்குவதும் முடிப்பதும் பதிவதுமே கட்டுப்பாட்டு நிரலுக்குப் பெரும்பாடாகிவிடும். கட்டு மிகப் பெரியதானால் கடைசியில் ஒரே கணினி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மிகச் சிறியதானால் நிர்வாகச் செலவு கூடும். எங்கள் பழைய கணினியில் ஒரு கட்டு அரை மணி நேரத்துக்குள் முடியும்படி பார்த்துக்கொள்வது எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

வரிசையில் எதை முன்னால் வைப்பது என்பதும் முக்கியம். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரொனால்ட் கிரஹாம் 1966-இலும் 1969-இலும் இதைக் கணித முறையில் ஆராய்ந்தார். ஒரே வேகம் கொண்ட இயந்திரங்களில், வேலைகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் மொத்த நேரம் மிகச் சிறந்த பங்கீட்டின் இரு மடங்கை எட்டாது. நீளமான வேலையை முதலில் கொடுத்தாலோ அதன் 4/3 மடங்கைத் தாண்டாது என்று அவர் நிறுவினார். எங்கள் கணினிகள் ஒரே வேகம் கொண்டவை அல்ல என்பதால் அந்த எண்கள் அப்படியே பொருந்தமாட்டா. ஆயினும் வழி பொருந்துகிறது. சுழலக்கூடிய பிணைப்புகள் அதிகம் உள்ள சேர்மத்துக்கு வினா அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே பிணைப்பு எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்கிவிட்டுக் கட்டுகளைப் பிரித்தால், கடினமானவை முதலில் ஓடி, சிறியவை கடைசியில் இடைவெளிகளை நிரப்புகின்றன. ஸ்லர்ம் அரேயின் உறுப்புகளை எண் வரிசையில் எடுப்பதால் இதற்குத் தனி நிரல் எதுவும் தேவைப்படவில்லை. கோப்பை ஒருமுறை வரிசைப்படுத்தினாலே போதும்.

பயனர் சொன்னதை நம்பும் இயல்பு எங்கே இடறுகிறது என்பதற்கும் வினா நிரலே நல்ல எடுத்துக்காட்டு. கோர் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் இயக்கினால், அது கணினியில் கண்ணுக்குத் தெரியும் கோர்கள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளும். எட்டு கோர் கொண்ட கணினிக்கு, ஒரு மாணவி ஒரு கோர் என்று கேட்டு வேலையை அனுப்பியிருப்பார். நிரலோ எட்டு இழைகளை (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கீடுகளை) தொடங்கியிருக்கும். எஸ்கன்ட்ரோல் கட்டளையால் அந்தக் கணினியின் நிலையைப் பார்த்தால், ஒதுக்கப்பட்ட கோர் 1 என்றும் அதன் அருகிலேயே உண்மையான சுமை 8-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டு எண்களும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. இருந்தாலும் மீதி ஏழு கோரும் காலி என்று கணக்கிட்டு அடுத்த வேலையையும் ஸ்லர்ம் அங்கேயே அனுப்புகிறது. சுமை குறைந்த கணினிக்கு முன்னுரிமை என்ற பெயரில் ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினாலும் தீராது. அதுவும் ஒதுக்கப்படாத கோர்களை எண்ணித்தான் சுமையை முடிவு செய்கிறது, பிராசஸரின் உழைப்பைப் பார்த்து அல்ல.

இதற்கு மருந்து லினக்ஸின் சிகுரூப் வசதியை ஸ்லர்மோடு இணைப்பது. கோர், நினைவகம் இரண்டையும் கட்டுப்படுத்தும்படி அமைத்துவிட்டால், ஒரு கோர் கேட்ட வேலை எட்டு இழைகளைத் தொடங்கினாலும் அந்த ஒரு கோருக்குள்தான் அடித்துக்கொள்ளும்; பக்கத்து வேலைக்குப் பாதிப்பு இராது. கேட்டதைவிட அதிக நினைவகத்தை எடுக்க முயலும் வேலை, நினைவகம் போதவில்லை என்ற குறிப்போடு நிறுத்தப்படும். முன்பெல்லாம் ஒருவருடைய வேலையால் கணினி முழுவதும் உறைந்து, அதில் ஓடிய மற்றவர்களின் வேலைகளும் சேர்ந்து போகும். இப்போது தவறாகக் கேட்டவருடைய வேலை மட்டும் நிற்கிறது. ஸ்லர்மை நிறுவியவர்கள் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நேரம். பேக்ஃபில் என்று சொல்லப்படும் முறை ஸ்லர்மில் இயல்பாகவே இயங்குகிறது; 1990-களின் நடுவில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவான திட்டமிடல் முறையின் வழிவந்தது இது. வரிசையின் தலையில் 64 கோர் கேட்கும் பெரிய வேலை நிற்கிறது, இப்போது 40 கோர் காலி, மீதி 24 கோரும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் விடுபடும் என்று கொள்வோம். கண்டிப்பான வரிசைப்படி போனால் அந்த 40 கோரும் ஆறு மணி நேரம் வீணாகும். பேக்ஃபில் முறையிலோ, ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிறிய வேலைகளைப் பின்னாலிருந்து எடுத்து அந்த இடைவெளியில் ஓட்டுகிறார்கள். பெரிய வேலை தொடங்கும் நேரம் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போவதில்லை. சிறு தொகுப்பில் இதன் பயன் கண்கூடு. ஆனால் ஒரு வேலை எப்போது முடியும் என்பது ஸ்லர்முக்குத் தெரிய வழி, அந்த வேலைக்குக் குறித்த கால வரம்பு மட்டுமே. வரம்பு குறிக்காத வேலைக்கு, அது அனுப்பப்பட்ட பிரிவின் (நிர்வாகி கணினிகளைக் குழுவாக்கி அமைக்கும் வரிசையின்) உச்ச வரம்பையே ஸ்லர்ம் எடுத்துக்கொள்ளும். உச்ச வரம்பும் குறிக்கப்படவில்லை என்றால் எல்லையற்றது என்று பொருள். எல்லையற்ற வேலை எந்த இடைவெளிக்குள்ளும் அடங்காது என்பதால், பேக்ஃபில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு பிரிவுக்கும் இயல்பான வரம்பாக இரண்டு மணி நேரம் என்று குறைவாக வைத்து, அதிகம் வேண்டுவோர் எழுதிக் கேட்கட்டும் என்று விடுவதே சரியான அமைப்பு. பேக்ஃபில் எவ்வளவு தொலைவு முன்னோக்கிப் பார்க்கும் என்பதும் இயல்பாக ஒரு நாள்தான். நான்கு நாள் ஓடும் வேலைகளை அனுமதிப்பவர்கள் அந்த அளவையும் உயர்த்த வேண்டும்.

மாணவர்கள் கால வரம்பை எழுதத் தயங்குவது நியாயமான அச்சத்தால்தான். வரம்பு தாண்டினால் வேலை நிறுத்தப்படும், செய்த கணக்கெல்லாம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். மூலக்கூறு இயக்கத்தைக் கணக்கிடும் குரோமாக்ஸில் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று மேக்ஸ்-எச் தெரிவில் சொல்லிவிட்டால், அந்த நேரத்தின் 99 சதவீதம் ஆனதும் அதுவே நிலையைச் சேமித்து நிறுத்திக்கொள்ளும்; அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதை ஒருமுறை செய்து காட்டிய பிறகு, எங்கள் ஆய்வகத்தில் நாள் கணக்கில் நேரம் கேட்கும் பழக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

குரோமாக்ஸைச் சொல்லும்போது ஸ்லர்மின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரே வேலை பல கணினிகளில் விரிந்து ஓடும்போது, அதன் உள்ளே நடக்கும் சுமைப் பங்கீட்டில் ஸ்லர்முக்கு எந்தப் பங்கும் இல்லை. ஒவ்வொரு படியிலும் எல்லாப் பகுதிகளும் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறிய பிறகே அடுத்த படிக்குப் போக முடியும் என்பதால், கூட்டத்தில் மெதுவான கணினி எதுவோ அதன் வேகமே மொத்த வேலையின் வேகம். குரோமாக்ஸ் தன் பகுதிகளின் எல்லைகளை ஓடும்போதே நகர்த்திச் சமன் செய்துகொள்கிறது. சமனின்மையால் ஏற்படும் இழப்பு 2 சதவீதத்தைத் தொட்டால் இந்த ஏற்பாடு தானாகவே தொடங்கும் என்று அதன் கையேடு சொல்கிறது. ஓட்டம் முடிந்ததும் பதிவுக் கோப்பின் கடைசியில் சராசரிச் சமனின்மை எவ்வளவு, அதற்காகக் காத்திருந்ததில் எவ்வளவு நேரம் வீணானது என்பதெல்லாம் எழுதியிருக்கும். அந்தச் சில வரிகளைப் படிக்காமல் யாரும் கூடுதல் கணினி கேட்டு வரக் கூடாது என்று ஆய்வகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்லர்மின் தரப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணினிகளுக்குப் பழையது, புதியது என்று அடையாளம் கொடுத்துவிட்டு, எதுவானாலும் சரி, எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று சதுர அடைப்புக்குறிக்குள் நிபந்தனை விதிக்கலாம். பழையதும் புதியதும் கலந்து ஒரு வேலைக்குப் போகாது. அதே அமைப்புக் கோப்பில் கணினிக்கு எடை குறிக்கவும் வழி இருக்கிறது. எடை குறைந்தது முதலில் நிரம்பும் என்பதால், நினைவகம் அதிகமுள்ள கணினிக்கு அதிக எடை கொடுத்தால் சிறு வேலைகள் அதை அடைத்துக்கொள்ளாமல் காக்கலாம்.

ஆட்களுக்கிடையே பங்கிடுவதில் ஃபேர்ஷேர் முறை மிக நேர்மையாக நடந்துகொள்கிறது. அண்மையில் அதிகம் பயன்படுத்தியவரின் முன்னுரிமை இறங்கும். அந்தப் பழைய பயன்பாட்டின் கணக்கு இயல்பாக ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். இறுதியாண்டு மாணவர்கள் திட்ட அறிக்கைக்காக ஒரே நேரத்தில் குவியும் மார்ச் மாதத்தில், யாருக்கு முதலில் என்ற பேச்சே எழாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர், ‘சார், என் வேலை ஏன் பின்னாடி போயிடுச்சு?’ என்று கேட்டால், எஸ்பிரியோ கட்டளையால் வயது (வரிசையில் காத்திருந்த நேரம்), பயன்பாடு, அளவு என்று முன்னுரிமையின் கூறுகளைத் தனித்தனி எண்ணாகக் காட்டிவிட முடிகிறது.

எங்கள் ஊர் நிலைமைக்கு மிகவும் உதவிய ஒரு வசதியை இந்த மதிப்புரையில் விட்டுவிட முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். யு.பி.எஸ். அவ்வளவு நேரம் தாங்காது. அந்த நேரத்தைப் பராமரிப்பு என்று குறித்து எஸ்கன்ட்ரோல் மூலம் முன்பதிவு செய்துவிட்டால், அது தொடங்குவதற்குள் முடியாத எந்த வேலையையும் ஸ்லர்ம் தொடங்காது. முடியக்கூடிய சிறு வேலைகளை மட்டும் ஒன்பது மணி வரை ஓட்டிக்கொண்டிருக்கும். இதற்கும் அடிப்படை அதே கால வரம்புதான்.

அறிவிப்பில்லாத மின்தடைக்குப் பின் நிலைமை அவ்வளவு சுமுகமாக இராது. எதிர்பாராமல் மறுதொடக்கமான கணினியை, நிர்வாகி பார்த்து விடுவிக்கும் வரை ஸ்லர்ம் பணியிலிருந்து விலக்கியே வைத்திருக்கும். அது இயல்பான அமைப்பு. அமைப்புக் கோப்பில் மீள்சேர்க்கைக்கான (ReturnToService) அளவை 2 என்று மாற்றினால் கணினி தானாகவே பணிக்குத் திரும்பும், தடைபட்ட வேலைகளும் மீண்டும் வரிசையில் சேரும். இதையும் மீறிப் பழைய கணினி ஒன்று மட்டும் சேர மறுத்தால் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரியைப் பாருங்கள். கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண ஸ்லர்ம் பயன்படுத்தும் மஞ்ச் என்ற நிரலின் சான்று இயல்பாக 300 நொடிகளுக்குத்தான் செல்லும். பேட்டரி தீர்ந்து பழைய தேதியோடு எழுந்திருக்கும் கணினியின் சான்றை மற்றவை ஏற்பதில்லை. பிழைச் செய்தி இதை நேராகச் சொல்லாது என்பது எனக்கு வருத்தம்தான். தொகுப்புக்குள் ஒரு நேர சர்வர் வைத்து, மஞ்ச் தொடங்கும் முன் கடிகாரம் சரியாகும்படி அமைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

மாணவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட பரம் பொருள் மீக்கணினியிலும் ஸ்லர்ம்தான் வேலைகளைப் பங்கிடுகிறது. 838 டெராஃபிளாப் திறன் கொண்ட அந்த இயந்திரத்தில் அனுமதி கிடைத்தால், இங்கே எழுதிப் பழகிய ஸ்கிரிப்டில் பிரிவின் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெரிய கணினி மட்டும் இருப்பவர்களுக்கு, பல வேலைகளை இணையாக ஓட்டும் குனு பேரலல் என்ற சிறு நிரல் போதுமானது. பகலில் மாணவர்கள் பாடம் படிக்கும் கணினிக் கூடத்தை இரவில் மட்டும் கணக்கீட்டுக்குப் பயன்படுத்த விரும்பும் கல்லூரிகள், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எச்டிகாண்டரைப் பார்ப்பது நல்லது. யாராவது விசைப்பலகையைத் தொட்டவுடன் வேலையை நிறுத்திவைத்து ஒதுங்கிக்கொள்ளும் பண்பு அதற்கு உண்டு. ஸ்லர்மில் அப்படியொரு ஏற்பாட்டை நாமே கட்ட வேண்டியிருக்கும்.